ஒரு சீசனுக்கு ஒரு ஜெர்சி

1966 ஜூலை 30 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் படங்களைப் பார்ப்பவர்கள் ஆட்டக்காரர்களைத்தான் பார்ப்பார்கள். ஒரு தடவை கேலரியைப் பாருங்கள். கோட்டும் டையுமாக ஆண்கள். தலையில் தொப்பி, கையில் கொடி, மார்பில் குத்திய ரிப்பன் பூ. தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட அந்தக் கூட்டத்தில் இங்கிலாந்து அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்தவர் கண்ணில் படுவது அரிது. இன்று அதே வெம்பிளியில் இங்கிலாந்து ஆடினால், ஜெர்சி போடாதவரைத் தேட வேண்டியிருக்கிறது.

அன்று கேப்டன் பாபி மூர் கோப்பையை வாங்கியபோது போட்டிருந்தது முழுக்கை வைத்த சிவப்பு ஜெர்சி. வட்டக் கழுத்து. மார்பில் மூன்று சிங்கங்கள் உள்ள சின்னம், முதுகில் 6 என்ற எண். தைத்துக் கொடுத்த கம்பெனியின் முத்திரை வெளியே தெரியாது. தெருவில் பந்து உதைக்கும் ஒரு பையனுக்கு அதே மாதிரி வேண்டுமென்றால், அம்மா ஒரு சாதாரணச் சிவப்புச் சட்டையை எடுத்து, சின்னத்தைத் தனியாக வாங்கித் தைத்தால் போதும். அவனும் பாபி மூர்தான். நிறம்தான் அணி. நிறம் யாருக்கும் தனிச் சொத்து இல்லை என்பதால், அதை வைத்து யாரும் பெரிய காசு பார்க்கவும் முடியவில்லை.

அதற்காக அந்தக் காலத்தில் ஜெர்சி மாறவே இல்லை என்று சொல்ல வரவில்லை. மாறியது, மேனேஜர்கள் மாற்றினார்கள், ஆட்டத்துக்காக மாற்றினார்கள். ஆர்சனலின் சிவப்புக்கு வெள்ளைக் கை வைத்தவர் ஹெர்பர்ட் சாப்மன், 1933-ல். தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் அந்த வெள்ளைக் கைதான் ஆர்சனலின் அடையாளம். 1961-ல் லீட்ஸ் யுனைடெட்டின் பொறுப்பை ஏற்ற டான் ரெவி, தன் பையன்களும் ரியால் மாட்ரிட் மாதிரி ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டு அணியை முழு வெள்ளைக்கு மாற்றினார். 1964-ல் லிவர்பூலின் பில் ஷாங்க்லி, ஆறடிக்கு மேல் உயரமான கேப்டன் ரான் யேட்ஸுக்குச் சிவப்பு டிரவுசரைப் போட்டுப் பார்த்து, ஆள் இன்னும் பெரிதாகத் தெரிகிறார், எதிரணி மிரளும் என்று முடிவுசெய்தார். தலை முதல் கால் வரை சிவப்பு என்ற வழக்கம் அப்படித்தான் லிவர்பூலுக்கு வந்தது. இப்படி ஒரு மாற்றம் ஒரு தலைமுறைக்கு ஒரு முறை வரும். வந்தால் நிற்கும்.

இந்தக் கதை திரும்பிய இடத்திலும் டான் ரெவியே நிற்கிறார் என்பதுதான் வேடிக்கையான பொருத்தம். 1970-களின் தொடக்கத்தில் அவருடைய லீட்ஸ் நாட்டின் தலைசிறந்த அணிகளில் ஒன்று. லெஸ்டர் நகரத்தை ஒட்டிய விக்ஸ்டனில் உள்ளாடை தைத்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனி, அட்மிரல் என்ற பெயரில் விளையாட்டு உடையும் செய்துகொண்டிருந்தது. அதன் முதலாளி பெர்ட் பேட்ரிக் 1973-ல் லீட்ஸோடு ஒப்பந்தம் போட்டார். அதுவரை உடை வேண்டுமென்றால் கிளப் காசு கொடுத்து வாங்கும். இப்போது உடை தருகிறவர் கிளப்புக்குக் காசு கொடுக்கிறார். ஏன் கொடுக்க வேண்டும்? அதே உடையைப் பிள்ளைகளுக்கு விற்கும் உரிமை அவருக்கு மட்டும் வேண்டும் என்பதற்காக.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. வெறும் வெள்ளைச் சட்டைக்கு உரிமை கொண்டாட முடியாது. யார் வேண்டுமானாலும் தைத்து விற்கலாம். அதனால் அட்மிரல் என்ன செய்தது என்றால், வேறு யாரும் செய்ய முடியாதபடி ஜெர்சியில் வேலைப்பாடு சேர்த்தது. பெரிய காலர், கையோரம் ஓடும் பட்டைகள், கம்பெனியின் முத்திரை. டிசைனைப் பதிவுசெய்யலாம், காப்பியடித்தால் வழக்குப் போடலாம். 1974-ல் ரெவி இங்கிலாந்து அணிக்கு மேனேஜரானபோது தேசிய அணியின் உடையும் அட்மிரலுக்கு வந்தது. அன்றுவரை வெறும் வெள்ளையாக இருந்த இங்கிலாந்து ஜெர்சியில் சிவப்பும் நீலமுமாகப் பட்டைகள் ஏறின. பார்க்க அழகாகத்தான் இருந்தது; அந்த ஜெர்சிகளை இன்றும் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அம்மா சின்னம் வாங்கித் தைத்துக் கொடுக்கும் காலம் அந்தப் பட்டைகளோடு முடிந்தது. 'இது அது இல்லையே அம்மா' என்று பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

அட்மிரலே நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் கம்பெனி நொடித்துப் போனது. இங்கிலாந்து அணி 1984-ல் தன் பழைய உடை கம்பெனியான அம்ப்ரோவுக்கே மறுபடி போனது. ஆனால் பேட்ரிக் காட்டிய வழியில் எல்லோரும் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இதற்கிடையே மார்பிலும் விளம்பரம் வந்தது. 1976-ல் கெட்டரிங் டவுன் என்ற சின்ன கிளப், ஊரிலுள்ள டயர் கம்பெனியின் பெயரை ஜெர்சியில் போட்டது. கால்பந்துச் சங்கம் உடனே எடுக்கச் சொன்னது. அடுத்த ஆண்டே அனுமதியும் கொடுத்துவிட்டது. 1979-ல் லிவர்பூல் மார்பில் ஹிட்டாச்சி ஏறியது. டி.வி. நிலையங்கள் மட்டும் கொஞ்ச காலம் பிடிவாதமாக இருந்தன: 1983 வரை, ஒளிபரப்பாகும் ஆட்டத்துக்கு ஸ்பான்சர் பெயர் இல்லாத ஜெர்சியோடுதான் அணி இறங்க வேண்டும்.

அந்தக் கால ஸ்பான்சர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வந்தால் இருப்பார்கள். மான்செஸ்டர் யுனைடெட் மார்பில் ஷார்ப் 1982 முதல் 2000 வரை இருந்தது. ஆர்சனலில் ஜேவிசி 1981 முதல் 1999 வரை. ஒரு பையன் பள்ளியில் சேர்ந்து, படித்து முடித்து, வேலைக்குப் போகும்வரை மார்பில் அதே பெயர். ஷார்ப் போன பிறகு யுனைடெட் மார்பில் வந்த பெயர்களைப் பாருங்கள்: வோடஃபோன், ஏஐஜி, ஏயான், செவ்ரலே, டீம்வியூவர், ஸ்னாப்டிராகன். ஒவ்வொரு பெயர் மாறும்போதும் வீட்டு அலமாரியில் இருக்கும் ஜெர்சி பழசாகிவிடும். துணி நைந்திருக்காது, நிறம் வெளுத்திருக்காது, ஆனாலும் பழசு.

1992-ல் பிரீமியர் லீக் பிறந்தது. அடுத்த சீசனிலிருந்து ஆட்டக்காரர்களுக்கு நிலையான எண்ணும் முதுகில் பெயரும் வந்தன. அதுவரை பெரும்பாலும் பிள்ளைகளின் உடையாக இருந்த ஜெர்சியைப் பெரியவர்களும் போட ஆரம்பித்தார்கள். ஆட்டத்துக்கு மட்டுமா, கடைக்கும் பப்புக்கும் விடுமுறைப் பயணத்துக்கும்கூட. எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோட்டு போட்ட ஆண்கள் மட்டுமே நிரம்பிய கேலரியைவிட, அப்பாவும் அம்மாவும் மகளும் ஒரே நிறத்தில் வந்து உட்காரும் கேலரி நல்ல கேலரிதான். அந்த ஆசையை எப்படி அறுவடை செய்தார்கள் என்பதில்தான் என் வருத்தம்.

1990-களில் பெரும்பாலான கிளப்களில் சொந்த மைதானத்துக்கான உள்ளூர் ஜெர்சி இரண்டு சீசன் ஓடும். யுனைடெட்டின் சிவப்பு ஜெர்சிகள் 1992, 1994, 1996, 1998 என்று இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாறின. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் உள்ளூர் ஜெர்சி ஒரு வருடம் மாறினால், வெளியூர் ஜெர்சி அடுத்த வருடம் மாறும். நடுவில் மூன்றாவது ஜெர்சி என்று ஒன்று முளைக்கும். மொத்தத்தில் கடையில் புதுசு இல்லாத வருடமே கிடையாது.

அந்தக் காலத்தின் கோலத்தை ஒரே நாளில் காட்டிய ஆட்டம் ஒன்று உண்டு. 1996 ஏப்ரல் 13, சவுத்தாம்ப்டனின் பழைய மைதானம் 'தி டெல்'. யுனைடெட் பட்டத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அன்று அணிந்திருந்தது சாம்பல் நிற வெளியூர் ஜெர்சி, அந்த சீசனில் கடைக்கு வந்தது. இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கிவிட்டார்கள். கூட்டத்தின் பின்னணியில் சாம்பல் நிறம் கரைந்துபோய், சக ஆட்டக்காரன் எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் இடைவேளையில் எல்லோரையும் நீல வெள்ளைப் பட்டை போட்ட ஜெர்சிக்கு மாற்றச் சொன்னார். 3-1 என்று தோற்றார்கள். சாம்பல் ஜெர்சியில் ஒரு ஆட்டம்கூட யுனைடெட் ஜெயித்ததில்லை. அதற்குப் பிறகு அதைப் போடவும் இல்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் ஃபெர்குசனின் சாக்கைப் பற்றிச் சிரிப்பார்கள். எனக்கு நினைவு வருவது, அதே சாம்பல் ஜெர்சியை மகனுக்கு வாங்கிக் கொடுத்திருந்த வீடுகள். கிறிஸ்துமஸுக்குப் பரிசாகப் போயிருக்கும். நான்கு மாதத்தில் கிளப்பே அதைத் தூக்கி எறிந்துவிட்டது. ஆட்டக்காரர் கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் ஓர் அணிக்கு உடை வந்தது என்றால், அந்த நிறத்தை முடிவுசெய்த அறையில் ஆட்டத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்றுதான் பொருள். சாப்மனும் ஷாங்க்லியும் நிறம் மாற்றியதன் நேர் எதிர்.

இரண்டு ஆண்டு கழித்து நியூகாசிலில் நடந்தது இதைவிடக் கசப்பு. நியூகாசில் யுனைடெட்டின் இயக்குநர்கள் ஃப்ரெடி ஷெப்பர்டும் டக்ளஸ் ஹாலும் ஒரு பத்திரிகையின் மாறுவேட நிருபரிடம் பேசிய பேச்சு 1998 மார்ச்சில் வெளியானது. 5 பவுண்டுக்குத் தயாராகும் ஜெர்சிக்கு 50 பவுண்டு கொடுக்கிற ரசிகர்களை அவர்கள் கேலி செய்திருந்தார்கள். இருவரும் பதவி விலகினார்கள். சில மாதங்களிலேயே திரும்பியும் வந்துவிட்டார்கள். கப்பல் கட்டும் தளங்களும் சுரங்கங்களும் மூடிப்போன ஊர் அது. சனிக்கிழமை கறுப்பு வெள்ளைப் பட்டை போட்டுக்கொண்டு நடப்பதுதான் அங்கே பலருக்கு மிஞ்சிய பெருமை. அந்தப் பெருமைக்கு என்ன விலை வைத்தாலும் கொடுப்பார்கள் என்பது ரசிகர்களுக்கும் தெரியாததல்ல. அதை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் வாய்விட்டுச் சொன்னதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

விலை அந்த உயரத்தில் நின்றதற்குச் சந்தை மட்டுமே காரணமில்லை என்பதும் பிறகு அம்பலமானது. 2003 ஆகஸ்டில் பிரிட்டனின் வணிக நியாய அலுவலகம், ஜெர்சி விலையைக் கூடிப் பேசி நிர்ணயித்ததற்காகப் பத்து நிறுவனங்களுக்கு மொத்தம் 18.6 மில்லியன் பவுண்டு அபராதம் போட்டது. விளையாட்டுக் கடைச் சங்கிலியான ஜேஜேபி ஸ்போர்ட்ஸ், அம்ப்ரோ, மான்செஸ்டர் யுனைடெட், கால்பந்துச் சங்கமே கூட அந்தப் பட்டியலில். 2000, 2001 ஆண்டுகளில் நடந்த விஷயம். யூரோ 2000 நேரத்தில் இங்கிலாந்தின் பெரியவர் ஜெர்சியைக் கடைக்காரர்கள் 39.99 பவுண்டுக்குக் கீழே விற்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். மேல்முறையீட்டில் சில அபராதங்கள் குறைந்தன; குற்றம் செய்தார்கள் என்ற தீர்ப்பு நிலைத்தது.

ஏமாந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? நுகர்வோர் அமைப்பான 'விச்?' 2007-ல் ஜேஜேபி மீது வழக்குத் தொடுத்தது. வழக்கில் முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கு 20 பவுண்டு, பெயர் கொடுக்காமல் அந்த ஜெர்சியோ ரசீதோ காட்டினவர்களுக்கு 10 பவுண்டு என்று 2008-ல் சமரசமானது. பெயர் கொடுத்தவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. லட்சக்கணக்கில் விற்ற ஜெர்சி அது. ஏழெட்டு வருடம் முன்னால் வாங்கிய துணிக்கு யார் ரசீது வைத்திருப்பார்கள்? அந்தக் குழந்தைகள் அதற்குள் வளர்ந்து, அந்த ஜெர்சி தரை துடைக்கும் துணியாகியிருக்கும். பாடம் படித்துவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. 2022-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் ஜெர்சி விஷயத்தில் அதே குற்றத்துக்காக எலீட் ஸ்போர்ட்ஸ், ஜேடி ஸ்போர்ட்ஸ், ரேஞ்சர்ஸ் கிளப் மூன்றுக்கும் சேர்த்து 2 மில்லியன் பவுண்டுக்கு மேல் அபராதம்.

இன்றைக்கு வருவோம். இப்போது பிரீமியர் லீக்கில் ஏறக்குறைய எல்லா கிளப்பும் ஒவ்வொரு சீசனுக்கும் மூன்று புது ஜெர்சி கொண்டுவருகிறது: உள்ளூர், வெளியூர், மூன்றாவது. எதிரணியின் நிறத்தோடு குழம்பினால் மாற்றிக்கொள்ளத்தான் வெளியூர் ஜெர்சி இருந்தது. குழப்பம் வரவே வாய்ப்பில்லாத ஆட்டங்களிலும் இப்போது அதைப் போடுகிறார்கள், டி.வி.யில் காட்டினால்தானே விற்கும். இதோடு ஆண்டுவிழா ஜெர்சி, பயிற்சி ஜெர்சி, வார்ம்-அப் ஜெர்சி, கோல்கீப்பர் ஜெர்சி.

ஒரே ஜெர்சியில் இரண்டு தரமும் வந்துவிட்டது. ஆட்டக்காரர் போடும் அதே துணி, அதே இறுக்கம் வேண்டுமென்றால் ஒரு விலை. ரசிகருக்கென்று தைத்தது ஒரு விலை. 2014 உலகக் கோப்பைக்கு நைக்கி கொண்டுவந்த இங்கிலாந்து ஜெர்சி 90 பவுண்டு, 60 பவுண்டு என்று இரண்டு விலையில் வந்தபோது நாடே கொதித்தது. பிரதமர் டேவிட் கேமரனே விலையைக் கண்டித்தார். அதற்குப் பத்து மாதம் முன்னால்தான் நைக்கியின் முதல் இங்கிலாந்து ஜெர்சி கடைக்கு வந்திருந்தது என்பதும் சேர்ந்துகொண்டது. 2024 யூரோவுக்கு வந்த ஜெர்சி 124.99, 84.99 பவுண்டு. நம் கணக்கில் சுமார் 13,000 ரூபாய், 9,000 ரூபாய். சிறுவர் ஜெர்சியே 64.99. அந்த முறை சண்டை பெரும்பாலும் காலரின் பின்னால் இருந்த, இங்கிலாந்துக் கொடியின் சிறிய செயின்ட் ஜார்ஜ் சிலுவையின் நிறத்தை மாற்றியது பற்றி. பிரதமர் சுனக் கொடியைத் தொடாதீர்கள் என்றார். எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டார்மர் சிலுவையோடு விலையையும் சேர்த்துக் கேட்டார். சிலுவை ஒரு வாரம் தலைப்புச் செய்தியானது. விலை அதன் வாலில் தொங்கிக்கொண்டு போய்விட்டது. எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது.

84.99 என்றால் என்ன? 2024 ஏப்ரலில் பிரிட்டனில் பெரியவர்களின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்டு. பிடித்தம் எதுவும் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும் ஒரு ஜெர்சிக்கு ஏழரை மணி நேர உழைப்பு, அதாவது ஒரு நாள் வேலை. கிடங்கில் பெட்டி தூக்குகிறவர், முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்க்கிறவர் ஒரு நாள் முழுக்க நின்றால் ஒரு ஜெர்சி. இரண்டு பிள்ளை இருக்கும் வீட்டில் சிறுவர் ஜெர்சி இரண்டுக்கு 129.98. இத்தனைக்கும் பிரிட்டனில் சிறுவர் உடைக்கு மதிப்புக் கூட்டு வரி கிடையாது. பெரியவர் உடைக்கு 20 சதவீதம் உண்டு. வரியே இல்லாமல் இந்த விலை.

முதுகில் பெயர் அச்சிடத் தனிக் காசு. யார் பெயரை அச்சிடுவது என்பதும் இப்போது சூதாட்டம் மாதிரி ஆகிவிட்டது. 2021 ஆகஸ்ட் கடைசியில் கிறிஸ்டியானோ ரொனால்டோ மான்செஸ்டர் யுனைடெட்டுக்குத் திரும்பி வந்தார். கிளப்பின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டின் கடையில் அவர் பெயருக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள். 2022 நவம்பரில் போய்விட்டார். பதினைந்து மாதத்தில் அந்த ஜெர்சியின் முகப்பும் பழசு, முதுகும் பழசு.

பிள்ளை வளர்கிறதே, எப்படியும் புதுசு வாங்கத்தானே வேண்டும் என்று கேட்பார்கள். சரிதான். ஆனால் எந்த வீட்டிலும் அண்ணன் போட்டதைத் தம்பி போடுவான். ஏழை வீடுகள் காலகாலமாகக் குழந்தை வளர்த்த விதமே அதுதான். வருடா வருடம் டிசைன் மாறுவது முதலில் உடைப்பது அந்த வழக்கத்தைத்தான். அண்ணனின் ஜெர்சி தம்பிக்கு அளவாகும்போது அதற்கு மூன்று வயது ஆகியிருக்கும். பள்ளியில் ஜெர்சி போட்டு வரலாம் என்று ஒரு நாள் விட்டால், மற்ற பிள்ளைகள் ஒரே பார்வையில் வருடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பார்வை புரியும். அதைத் தெரிந்துதான் அம்மா அப்பா கடனட்டையை நீட்டுகிறார்கள்.

ஏன் ஒவ்வொரு வருடமும்? இதற்குள் பேராசை மட்டும் இல்லை, ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய கிளப்களுக்கு ஜெர்சி விற்பனையிலிருந்து நேரடியாக வருவதைவிட, உடை கம்பெனி ஆண்டுதோறும் தரும் உறுதித்தொகைதான் முக்கியம். யுனைடெட்டோடு அடிடாஸ் போட்டு 2015-ல் தொடங்கிய ஒப்பந்தம் பத்தாண்டுக்கு 750 மில்லியன் பவுண்டு; 2023-ல் அதை இன்னொரு பத்தாண்டுக்கு 900 மில்லியனுக்கு நீட்டித்தார்கள். அதற்கு முன் நைக்கியோடு 2002-ல் தொடங்கியது 13 ஆண்டுக்கு 303 மில்லியன். இப்படி வருடத்துக்கு 90 மில்லியன் கொடுக்கிற கம்பெனி அதை எங்கிருந்து எடுக்கும்? ஏற்கெனவே ஜெர்சி வைத்திருக்கிறவர் அதே ஜெர்சியை மறுபடி வாங்கமாட்டார். டிசைனை மாற்றினால் அவரும் மறுபடி வாடிக்கையாளர். ஆக, ஒப்பந்தம் பெரிதாகப் பெரிதாக ஜெர்சியின் ஆயுள் குறைகிறது. ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் சம்பளம், அந்தச் சம்பளத்துக்காகப் போடும் ஒப்பந்தம், அந்த ஒப்பந்தத்துக்காக மாறும் காலர். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் ரசிகரின் பர்ஸ்.

மற்ற சாமானாக இருந்தால் விலை அதிகம் என்று வேறு கடைக்குப் போகலாம். நியூகாசில்காரர், பக்கத்து ஊர் எதிரியான சண்டர்லாண்டின் ஜெர்சி மலிவாக இருக்கிறது என்று அதை வாங்கிப் போட்டுக்கொள்வாரா? தாத்தா காலத்திலிருந்து வந்த கிளப்பை யாரும் விலை பார்த்து மாற்றுவதில்லை. 'யாரும் கட்டாயப்படுத்தவில்லையே' என்று கிளப்கள் சொல்லும் பதில் எனக்கு ஒருபோதும் நேர்மையாகப் பட்டதில்லை. விட்டுப் போக முடியாதவரிடம் விலை ஏற்றுவது வியாபாரத் திறமை இல்லை.

ரசிகர்களும் சும்மா இல்லை. போலி ஜெர்சி வாங்குகிறவர்கள் ஏராளம். தாய்லாந்திலும் சீனாவிலும் தைத்துத் தபாலில் வரும் ஜெர்சி, அசல் விலையில் ஒரு சிறு பங்குதான். அதை யார் தைத்தார்கள், என்ன கூலிக்குத் தைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அதைத் தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சந்தையை வளர்த்தவர்கள் யார் என்பதில் சந்தேகமும் இல்லை. இன்னொரு கூட்டம் பழசைத் தேடிப் போகிறது. 2006-ல் மான்செஸ்டரில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய 'கிளாசிக் ஃபுட்பால் ஷர்ட்ஸ்' இன்று பெரிய வியாபாரம். முப்பது வருடப் பழைய ஜெர்சிக்கு, கறை இருந்தாலும், காசு கொடுக்க ஆள் இருக்கிறது. அந்த ஜெர்சியைப் பார்த்ததும் ஒரு சீசன், ஒரு கோல், ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. அது இரண்டு வருடம் அணியோடு ஓடி, ஜெயித்து, தோற்று, மனதில் பதிய நேரம் கிடைத்த ஜெர்சி. ஒன்பது மாதத்தில் தள்ளுபடி அலமாரிக்குப் போகிற இன்றைய ஜெர்சிகளில் எத்தனையை முப்பது வருடம் கழித்து அடையாளம் சொல்ல முடியும்?

2010-ல் யுனைடெட் ரசிகர்கள் ஒரு காரியம் செய்தார்கள். முதலாளிகளான கிளேசர் குடும்பத்தை எதிர்த்து, கிளப்பின் பழைய பெயரான நியூட்டன் ஹீத்தின் பச்சை, தங்க நிறத்தில் மஃப்ளர் போட்டுக்கொண்டு மைதானத்தை நிரப்பினார்கள். கிளப் கடையில் வாங்காத மஃப்ளர். அந்த மார்ச்சில் ஏசி மிலானுக்காக ஓல்ட் டிராஃபோர்டில் ஆட வந்த டேவிட் பெக்கம்கூட ஆட்டம் முடிந்ததும் அதில் ஒன்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். நிறம் கம்பெனியுடையதில்லை, எங்களுடையது என்று சொல்ல ரசிகர்கள் பழைய காலத்து மஃப்ளருக்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது.

நிறத்துக்குச் சட்டமும் வந்துவிட்டது. 2012-ல் கார்டிஃப் சிட்டியின் முதலாளி வின்சென்ட் டான், நூறு ஆண்டாக நீலமாக இருந்த அணியைச் சிவப்பாக்கினார். 2015 ஜனவரியில் ரசிகர்களின் எதிர்ப்புக்குப் பணிந்து நீலத்துக்குத் திரும்பினார். இந்த மாதிரிக் காயங்களை மனதில் வைத்து 2025-ல் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டம், உள்ளூர் ஜெர்சியின் முக்கிய நிறங்களையோ கிளப்பின் சின்னத்தையோ ரசிகர்களில் பெரும்பான்மையோர் சம்மதமின்றி மாற்றக்கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் நீலத்தை நீலமாகவே வைத்துக்கொண்டு, காலரை மாற்றி, கைப் பட்டையை மாற்றி, ஒவ்வொரு ஜூலையிலும் 80 பவுண்டு கேட்பதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

வேறு மாதிரி செய்ய முடியுமா என்றால், செய்து காட்டிய ஒரு கிளப் இருக்கிறது. மேற்கு லண்டனின் பிரென்ட்ஃபோர்டு. 74 ஆண்டு கழித்து 2021-ல் நாட்டின் முதல் டிவிஷனுக்குத் திரும்பிய கிளப். புது ரசிகர்கள் சேரும் நேரம். ஜெர்சி விற்கப் பொன்னான காலம். அந்த நவம்பரிலேயே அவர்கள் அறிவித்தார்கள்: இந்தச் சிவப்பு வெள்ளைப் பட்டை ஜெர்சியே அடுத்த சீசனுக்கும். ரசிகர்களுக்குச் செலவு மிச்சம், துணியும் வீணாகாது என்பது அவர்கள் சொன்ன காரணம். பெரிய கிளப்கள் பின்பற்றவில்லை. தன்னைவிடப் பல மடங்கு வருமானமுள்ள கிளப்களோடு போட்டி போடும் பிரென்ட்ஃபோர்டால் முடிந்தது அவர்களால் ஏன் முடியாது என்ற கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. குறைந்தபட்சம் உள்ளூர் ஜெர்சி ஒன்றையாவது இரண்டு சீசன் விடுங்கள், எந்த வருடம் மாறும் என்று லேபிளிலேயே அச்சிடுங்கள். இதைக் கேட்பதில் எந்தப் புரட்சியும் இல்லை.

2022 ஆகஸ்ட் 13 அன்று, புது சீசனின் இரண்டாவது வாரம், பிரென்ட்ஃபோர்டு தன் மைதானத்தில் போன வருட ஜெர்சியோடு இறங்கியது. எதிரே ரொனால்டோ ஆடிய மான்செஸ்டர் யுனைடெட். 35 நிமிடத்துக்குள் நான்கு கோல் போட்டார்கள். 4-0 என்று ஆட்டம் முடிந்தது. முந்தைய சீசனில் 13-வது இடத்தில் முடித்த அணி, அந்த சீசனை அதே ஜெர்சியில் 9-வதாக முடித்தது.